வரைந்தது அம்மா, பரீட்சை எழுதுவது பையன்: மனவரைபடம் எங்கே வேலை செய்யாமல் போகிறது?

சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் ஏழாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, ஆங்கில வழி. சமூக அறிவியலும் அறிவியலும் படித்ததும் மறந்துவிடுகிறதாம். பள்ளியில் மைண்ட் மேப் (மனவரைபடம்: நடுவில் பாடத் தலைப்பு, சுற்றிலும் கிளை கிளையாகக் குறிப்பு) போடச் சொன்னதால் ஒவ்வொரு பாடத்துக்கும் சார்ட் பேப்பரில் கலர் கலராக இவரே வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார். பையன் தினமும் பார்க்கிறான், கேட்டால் தலைப்புகளைக் கடகடவென்று சொல்கிறான், ஆனால் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறான். இந்த முறையே சரியில்லையா, இல்லை ஏதாவது ஆப் வாங்கலாமா என்று கேட்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் இதை இப்போதே ஆரம்பிக்கலாமா என்பது அடுத்த கேள்வி.

முறையில் கோளாறு இல்லைங்க. வரைந்தது நீங்கள், அதுதான் விஷயம். எது முக்கியம், எது எதற்குக் கீழே வரும், எதை விட்டுவிடலாம் என்று பாடத்தைப் பிரித்து மேய்ந்தது உங்கள் மூளை. அதனால் அந்தப் பாடம் இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், வேண்டுமானால் நீங்கள் போய்ப் பரீட்சை எழுதலாம்! பையனுக்குக் கிடைத்தது அதன் முடிவு மட்டும்.

சரி, பேனாவை அவன் கையில் கொடுத்துவிட்டால் போதுமா என்றால் போதாது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால், பெரும்பாலும் துணைத்தலைப்புகள் அப்படியே இடம் மாறி சார்ட்டுக்கு வந்து சேரும், அவ்வளவுதான். 2011-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிக்கி, பிளண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மைண்ட் மேப்பின் உறவுக்காரனான கருத்து வரைபடம் (கருத்துகளை வட்டமிட்டுக் கோட்டால் இணைப்பது) வரைந்தது, இன்னொரு குழு படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்ததை எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் இரண்டாவது குழுதான் முந்தியது. அதே இருவர் பின்னாளில் செய்த இன்னொரு ஆய்வில், வரைபடத்தையே நினைவிலிருந்து வரைந்தவர்களும் அதே அளவு பலன் பெற்றார்கள். அதாவது படம் போடுவதா பத்தி எழுதுவதா என்பது பெரிய விஷயமே இல்லை, புத்தகம் மூடியிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு துணைத்தலைப்பு அளவு மட்டும் படிக்கட்டும், முழுப் பாடமும் வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு, ரஃப் நோட்டிலோ பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்திலோ பத்து நிமிடம் ஞாபகத்திலிருந்து வரையட்டும், கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது (இதுதான் ரொம்பக் கஷ்டம்). அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிறப் பேனாவால் சேர்க்கட்டும். எது மறந்தது என்று அந்த நிறமே காட்டிக்கொடுத்துவிடும், அடுத்த முறை அதைப் படித்தால் போதும். இரண்டு மூன்று நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், வெற்றுத் தாளில் மறுபடி. இப்படிப் பார்த்தால் சுவரில் ஒட்டுவதற்கு எதுவுமே மிஞ்சாது, மிஞ்சவும் வேண்டாம்.

இரண்டு வரியோடு நின்றுபோவதற்குக் காரணம் வேறு. மைண்ட் மேப்பைப் பிரபலப்படுத்திய டோனி புசான், ஒரு கிளைக்கு ஒரு சொல் என்று சொன்னார். குறிப்பெடுக்க அது வசதிதான், ஆனால் ஏழாம் வகுப்புப் பையன் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாக்கியம் அமைக்கத் திணறுவான். 1970-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கிய கருத்து வரைபடத்தில், கோட்டின் மேலேயும் எழுத வேண்டும். ‘நீர்’, ‘நீராவி’ என்று இரண்டு வட்டம் போட்டு நடுவில் வெறும் கோடு இழுக்காமல், கோட்டின் மேல் ‘சூடானால் கிடைப்பது’ என்று எழுதுவது. வட்டம், கோடு, வட்டம் என்று வாசித்தாலே ஒரு வாக்கியம் வந்துவிடும், அப்படி ஆறேழு சேர்ந்தால் ஐந்து மதிப்பெண் விடை. உங்கள் பையனுக்கு நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது, எல்லாப் பாடத்துக்கும் நடுவில் வட்டம், சுற்றிலும் கிளை என்பது சரிப்படாது. வரலாறு கிளை விடாது, வரிசையாகப் போகும். டெல்லி சுல்தானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1206 முதல் 1526 வரை ஐந்து வம்சங்கள். ஐந்து கிளை வரைந்தால் ஐந்தும் ஒரே அளவாகத்தான் தெரியும். ஸ்கேல் வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு 20 ஆண்டு என்று கோடு போடச் சொல்லுங்கள், மொத்தம் 16 சென்டிமீட்டர், நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். கில்ஜிகள் 1290 முதல் 1320 வரை ஒன்றரை சென்டிமீட்டர்தான், துக்ளக்குகள் 1414 வரை கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர். ‘அலாவுதீன் கில்ஜி அவ்வளவு படை நடத்தியது இந்தத் துண்டுக்குள்ளேயா?’ என்று அவனே கேட்பான், அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆண்டுகள் மறக்காது.

எந்த வடிவம் என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிடும் என்பது என் கட்சி. ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டு நெடுவரிசை அட்டவணை, ஒற்றுமையும் கேட்டால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம். ‘காரணம் கூறுக’ என்றால் அம்புக்குறி. கலைச்சொல் குழப்பினால் தாளை நான்காக மடித்து, தன் சொந்த வார்த்தையில் விளக்கம், அதன் பண்புகள், உதாரணம், உதாரணம் ஆகாதது என்று நான்கு கட்டம். அமிலம் என்றால் எலுமிச்சையும் புளியும் ஒரு கட்டத்தில், சோப்புத் தண்ணீரும் சமையல் சோடாவும் எதிர்க் கட்டத்தில். நான்காவது கட்டத்தை நிரப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

பாடப் புத்தகத்தில் ஆரம்பிக்காமல் அவனுக்குத் தெரிந்த விஷயத்தில் பழக்குங்கள். ‘நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வரையட்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், கடலூர்ப் பக்கமிருந்து வீராணம், ஆந்திராவிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்று கிளைகள் தானாக வரும். கோட்டின் மேல் ‘மழை பெய்தால்’, ‘கால்வாய் வழியாக’ என்று எழுதும் பழக்கமும் கூடவே வந்துவிடும்.

ஆங்கில வழி என்பதால் இன்னொன்று. முதல் தடவை தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினால் தடுக்காதீர்கள், வீட்டில் தமிழில் யோசிக்கிற பிள்ளை அப்படித்தான் எழுதும். கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், இரண்டாவது தடவை கோட்டின் மேல் உள்ளதையும் ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.

இரண்டாம் வகுப்புப் பாப்பாவுக்கு இப்போது தாளே வேண்டாம். தரையில் இரண்டு கயிறு வளையம் போட்டு, தண்ணீரில் வாழ்வது, நிலத்தில் வாழ்வது என்று படங்களைப் பிரித்து வைக்கட்டும், தவளையை எங்கே வைப்பது என்று சண்டை வரும், வரட்டும்.

ஆப் வாங்க வேண்டாம். பெட்டியை இழுப்பதிலும் நிறம் மாற்றுவதிலுமே நேரம் போய்விடும். பள்ளியில் கட்டாயம் சார்ட் கேட்டால், அவன் கடைசியாக நினைவிலிருந்து வரைந்ததையே பெரிதாக எடுத்து எழுதிக் கொடுக்கட்டும், ஸ்கெட்ச் பேனா மூடியைத் திறந்து கொடுப்பதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். நோட்டில் ஒட்டத்தான் வேண்டும் என்று மிஸ் சொன்னால், இரண்டு நிறத்தில் இருக்கும் அந்த ரஃப் தாளையே ஒட்டலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி (ஏ.எல்.எம்.) என்ற கற்பித்தல் முறை நடந்த காலத்தில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் தாங்களே மனவரைபடம் போட்டு, அப்புறம் குழுவாக உட்கார்ந்து தொகுப்பார்கள், அதைப் பார்த்த டீச்சராக இருந்தால் உடனே சரி என்பார்.