விவாதப் போட்டியில் சரஜேவோவைச் சமாளிப்பது எப்படி?

தம்பி, "கைத்தொழில்மயமாக்கமே முதலாம் உலகப் போருக்கு வழி திறந்தது" என்று பேசப்போகிறீர்கள். எதிரணி, 1914இல் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் கொல்லப்பட்ட சரஜேவோ கொலையைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கொலையை மறுக்க வேண்டாம். ஓர் இளவரசரின் கொலை ஏன் கண்டம் முழுவதையும் எரித்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

புகையிரதத்தில் தொடங்குங்கள். 1914 ஆகஸ்டில் ஜேர்மனி ஏறக்குறைய 11,000 ரயில்களில் படையை நகர்த்தியது. ஆகஸ்ட் 1ஆம் திகதி, பிரான்ஸை விட்டுவிட்டு ரஷ்யாவின் பக்கம் மட்டும் படையைத் திருப்பலாமா என்று ஜேர்மன் பேரரசர் கைசர் கேட்டார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. ஆண்டுக்கணக்கில் தீட்டிய போக்குவரத்துத் திட்டம் குலைந்துவிடுமாம். மன்னருக்கே வளையாத நேர அட்டவணை! இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது, நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது இரசாயனம். பிரித்தானியரின் கடல் முற்றுகையால் ஜேர்மனிக்குச் சிலி நாட்டு வெடியுப்பு வருவது நின்றபோது, 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் பசளைக்காகத் தொடங்கிய அமோனியா உற்பத்தியே வெடிமருந்துக்கும் கைகொடுத்தது. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பரில் ஜேர்மனியர் விட்ட நச்சுவாயு குளோரின். நம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் உப்பிலிருந்து எடுத்த அதே பொருள். நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1916இல் பிரான்ஸில் நடந்த சோம் சமருக்கு முந்திய ஒரு வாரத்தில் பிரித்தானியர் ஏறக்குறைய 15 இலட்சம் எறிகணைகளை ஏவியதையும் சேருங்கள்.

ஒன்று மட்டும்: தொழிற்சாலைதான் போரை மூட்டியது என்று சொல்லிவிடாதீர்கள். கைத்தொழில் வளர்ந்த சுவீடன் நடுநிலை வகித்ததே என்று மடக்குவார்கள். போரின் அளவையும் வேகத்தையும் கைத்தொழில்மயமாக்கம் தீர்மானித்தது என்று வாதிடுங்கள்.