ஷேரிங் வீட்டில் ஒருவர் வைத்த கடனுக்கு பெய்லிஃப் (கோர்ட் உத்தரவோடு பொருளை ஜப்தி செய்ய வரும் ஆள்) வந்தால், மற்றவர்களின் பொருள்களையும் எடுத்துப்போக முடியுமா?

முடியாது. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பொருளை மட்டும்தான் பெய்லிஃப் ஜப்தி செய்யலாம். ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் உங்கள் பயம் போகாது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஆளுக்கொரு ரூம் என்று ஐந்து பேர் இருக்கிறீர்கள். அதில் ஒருவருக்கு பார்க்கிங் அபராதமும் பழைய கவுன்சில் டாக்ஸும் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கி. வந்த ஆள், "அடுத்த முறை கதவைத் திறக்காவிட்டால் எல்லாருடைய லேப்டாப்பும் போகும்" என்று லெட்டர்பாக்ஸ் வழியாகக் கத்திவிட்டுப் போயிருக்கிறார். படிக்க வந்தவர் நீங்கள். விசாவுக்கு ஏதாவது ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. கிழக்கு லண்டனில் பல வருடங்கள் ஷேரிங் வீடுகளில் இருந்தவன். நம் ஆட்களுக்கு வரும் கவுன்சில், கோர்ட் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதுமாக இந்த விஷயத்தோடு பழகியவன். எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமே வேறு.

முதலில் வந்தவர் யார் என்று பாருங்கள். கடன் வசூல் கம்பெனி ஆட்களும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். உண்மையான பெய்லிஃப் என்றால் (இப்போது சட்டத்தில் என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட் என்று பெயர்) கவுண்டி கோர்ட் கொடுத்த சான்றிதழ் இருக்க வேண்டும். அது இரண்டு வருடத்துக்குச் செல்லும். நீதி அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கோர்ட்டின் சொந்த ஊழியர்களும் ஹைகோர்ட் ஆபிசர்களும் வேறு வகை, அவர்கள் இந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். யாராக இருந்தாலும் அடையாள அட்டையையும் கோர்ட் உத்தரவையும் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கதவைத் திறக்காமலே, ஜன்னல் கண்ணாடி வழியாகக் காட்டச் சொல்லலாம்.

2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜப்தி பற்றிய பகுதி 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் அட்டவணையில்தான் இந்த விதிகள் எல்லாம் உள்ளன. கடன்காரரின் (கடன்பட்டவரைத்தான் இப்படிச் சொல்கிறேன்) பொருளை மட்டுமே எடுக்கலாம். அவர் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குள் மட்டுமே போகலாம். காலை 6 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் பொதுவாக வரக் கூடாது. கவுன்சில் டாக்ஸ், பார்க்கிங், கிரெடிட் கார்டு மாதிரியான கடன்களுக்கு முதல் முறை வரும்போது கதவை உடைக்கவோ, உங்களைத் தள்ளிவிட்டு நுழையவோ, ஜன்னல் ஏறவோ கூடாது. மாஜிஸ்திரேட் கோர்ட் விதித்த அபராதத்துக்கு மட்டும் கதவை உடைக்கும் அதிகாரம் உண்டு. வருமான வரித்துறை பாக்கி என்றால் கோர்ட்டின் தனி அனுமதி வேண்டும். உங்கள் ஹவுஸ்மேட்டின் பாக்கி கவுன்சில் போட்ட பார்க்கிங் அபராதமா, மாஜிஸ்திரேட் கோர்ட் அபராதமா என்பதைக் கடிதத்தில் கட்டாயம் பாருங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

ஷேரிங் வீட்டின் சிக்கல் வாசல் கதவில்தான் தொடங்குகிறது. குடும்பமாக இருக்கும் வீட்டில் கடன்காரர் திறக்காமல் இருந்தால் போதும். உங்கள் வீட்டிலோ ஐந்து சாவி. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் அரைத் தூக்கத்தில், பார்சல் என்று நினைத்து, "உள்ளே வாங்க" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அது சட்டப்படி நுழைந்ததாகவே கணக்கு. பூட்டாத பின்கதவு வழியாக வந்தாலும் அப்படித்தான். அதனால் இன்றே வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுங்கள்: யாராக இருந்தாலும் முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பது, பின்கதவை எப்போதும் பூட்டி வைப்பது. கதவைத் திறக்காமல் இருப்பது குற்றம் ஆகாது. வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருந்தால் அவர் உள்ளே வரவே கூடாது.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டால் கையை நீட்டித் தடுக்காதீர்கள். அவர் வேலையைத் தடுப்பது குற்றமாகிவிடும். கூடவே நடங்கள், போனில் வீடியோ எடுங்கள், இது என்னுடையது, இது வீட்டு ஓனருடையது என்று சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் ரூமைப் பூட்டி வையுங்கள். ஒப்பந்தத்தில் எந்த ரூம் உங்களுடையது என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் வைத்திருங்கள். லேப்டாப் ஆர்டர் செய்த மெயில், கார்டு ஸ்டேட்மென்ட், சீரியல் நம்பர் தெரியும் ஒரு போட்டோ, இவ்வளவு போதும். சோபா, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓனருடையது என்றால் வீடு எடுத்தபோது கொடுத்த பொருள் பட்டியல் அதற்குச் சான்று. கடன்காரரின் பொருளிலேயே சிலதைத் தொட முடியாது: உடை, படுக்கை, அடுப்பு அல்லது மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற அன்றாடத் தேவைகள், தொழிலுக்கோ படிப்புக்கோ வேண்டிய பொருள்கள் மொத்தம் 1,350 பவுண்ட் மதிப்பு வரை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஐந்து பேரும் காசு போட்டு ஹாலுக்கு டிவி வாங்கியிருந்தால் அதில் கடன்காரருக்கும் பங்கு உண்டு. கூட்டாக வாங்கிய பொருளை பெய்லிஃப் எடுக்கலாம்; விற்ற பிறகு உங்கள் பங்கைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். கார் இன்னொரு தலைவலி. வாசலில் நிற்கும் கார் உங்களுடையது என்று சொல்ல லாக் புக்கை (காரின் பதிவுப் புத்தகம்) நீட்டினால் போதாது. அதில் இருப்பது பதிவுப் பெயர், உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கும். கார் வாங்கிய ரசீது, பணம் அனுப்பிய பேங்க் விவரம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால்தான் வலு. கிளாம்ப் (சக்கரப் பூட்டு) போட்டால் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்தே காரை அகற்றலாம். அந்த நேரத்துக்குள் அவருடைய கம்பெனிக்கு இவற்றை மெயிலில் அனுப்புங்கள்.

அவர் ஒரு காகிதத்தை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து, பொருளை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்" என்பார். போடாதீர்கள். பொருள் ஜப்தியில் இருக்கிறது, தவணை கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம் அது. அதன்படி கட்டாமல் விட்டால் அடுத்த முறை நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கதவை உடைத்தும் வரலாம். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் கடன்காரர், அல்லது அவர் அதற்காகவே அனுமதி கொடுத்த ஒருவர். ஹவுஸ்மேட் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு அந்த வேலை இல்லை.

இவ்வளவையும் மீறி உங்கள் பொருளை எடுத்துப்போனால், எடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் உரிமை கோர வேண்டும். பொருள் இது, வாங்கிய சான்று இது, நான் கடன்காரர் அல்ல என்று கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். அதன் பிறகு கோர்ட் சொல்லாமல் அவர்கள் அதை விற்கக் கூடாது. கடன் கொடுத்த தரப்பு மறுத்தால் விஷயம் கோர்ட்டுக்குப் போகும். சான்று தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே திருப்பித் தந்துவிடுவார்கள்.

அடுத்தவர் கடன் நிஜமாகவே உங்கள் தலையில் விழக்கூடிய இடங்களும் சில உண்டு. எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வாடகைக்கு ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. கரண்ட் பில்லில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேரிடமும் கேட்கலாம். கவுன்சில் டாக்ஸும் கூட்டு ஒப்பந்தத்தில் அப்படித்தான், ஆனால் முழுநேர மாணவருக்கு விலக்கு உண்டு. மாணவர் அல்லாத ஹவுஸ்மேட்டின் பாக்கியை மாணவரிடம் வசூலிக்க முடியாது. அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழ் கவுன்சிலின் கையில் இருக்க வேண்டும். இன்னும் அனுப்பவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள். ஆளுக்கொரு தனி ஒப்பந்தம் என்றால் இன்னும் நல்லது: அப்படிப்பட்ட வீடுகளில் கவுன்சில் டாக்ஸ் கட்ட வேண்டியவர் வீட்டு ஓனர். 2023 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்தில் இத்தகைய வீட்டை ரூம் ரூமாகப் பிரித்து வரி போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். வாடகையில் எல்லாம் அடக்கம் என்று சொல்லிவிட்டு பில்லைக் குடியிருப்பவர் பெயருக்குத் தள்ளும் ஓனர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

விசாவுக்கு வருவோம். ஹவுஸ்மேட்டின் கடன் உங்கள் விசாவைத் தொடாது. கிரெடிட் ஸ்கோரையும் தொடாது. ஒரே முகவரி என்பதற்காக இருவரின் கணக்கு இணைவதில்லை. கூட்டு பேங்க் கணக்கு, கூட்டுக் கடன் போன்றவை இருந்தால்தான் இணைப்பு வரும். வீடே கறுப்புப் பட்டியலில் போய்விடும் என்று ஊரில் சொல்லிக்கொள்வது வெறும் வதந்தி.

எப்போதோ காலி செய்துபோனவர் பெயரில் கடிதம் வந்தால், பிரிக்காமல் உறையின் மேலேயே இவர் இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதித் தபாலில் போடுங்கள். ஆளே வந்தால், நீங்கள் குடிவந்த தேதி தெரியும் ஒப்பந்தத்தின் பக்கத்தை பெய்லிஃப் கம்பெனிக்கும், அவர்களை அனுப்பிய கவுன்சிலுக்கும் மெயில் செய்யுங்கள். கவுன்சிலுக்கு அனுப்புவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். ஃபைலைத் திரும்ப வாங்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

இப்போது அந்த ஹவுஸ்மேட். அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நம் ஆட்கள் கடனைவிட மானத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பழுப்பு உறைகளைப் பிரிக்காமலே டிராயரில் போட்டு வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த டிராயருக்குள் தொகை வளர்ந்துகொண்டே இருக்கும். 2014இல் விதி வந்தபோது வகுத்த கட்டணத்தைப் பாருங்கள்: ஃபைல் பெய்லிஃப் கம்பெனிக்குப் போனாலே 75 பவுண்ட், ஆள் வீட்டுக்கு வந்தால் மேலும் 235, பொருளை எடுத்து விற்கும் கட்டத்துக்குப் போனால் மேலும் 110. கடன் 1,500 பவுண்டைத் தாண்டினால் கடைசி இரண்டு கட்டத்திலும் தாண்டிய தொகைக்கு 7.5 சதவீதம் கூடுதல். ஆள் வருவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, ஞாயிறும் பொது விடுமுறையும் சேர்க்காமல் 7 முழு நாள் விட வேண்டும். அந்த 7 நாளில் ஒரு போன் போட்டுத் தவணை பேசியிருந்தால் 235 மிச்சம்.

பார்க்கிங் அபராதக் கடிதமே கைக்கு வரவில்லை, பழைய முகவரிக்குப் போய்விட்டது என்றால் நார்தாம்டனில் இருக்கும் டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டருக்கு டிஇ7, டிஇ9 என்ற இரண்டு ஃபாரம் அனுப்பலாம். முடிவு வரும்வரை பெய்லிஃப் வேலை நிற்கும். ஷேரிங் வீட்டில் ஹாலில் குவியும் தபாலில் கடிதம் தொலைவது அன்றாடம் நடப்பது, அதனால் இந்த வழி பலருக்கும் உதவும். கவுன்சில் டாக்ஸ் மாதிரியான கடன்களுக்கு பிரீதிங் ஸ்பேஸ் என்று ஒரு திட்டம் 2021 மே 4 முதல் இருக்கிறது. கடன் ஆலோசகர் விண்ணப்பித்துக் கிடைத்துவிட்டால் 60 நாள் வட்டி ஏறாது, பெய்லிஃப் வரக் கூடாது. கோர்ட் அபராதங்களுக்கும் வேறு சில கடன்களுக்கும் இது பொருந்தாது. கடன் ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் மூன்றுமே இலவசம். காசு கேட்டு உதவுகிறேன் என்று வருபவர்களிடம் போக வேண்டாம்.

வாசலில் நின்று ஐந்து பேரும் காசு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அக்கம்பக்கம் பார்க்கிறதே என்ற கூச்சத்தில் அப்படிக் கட்டிய மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கும் அந்தப் பணம் திரும்பவில்லை. கடன்காரர் ஒரு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். நண்பனுக்குக் கொடுக்க வேண்டும் என்று மனதார நினைத்தால் மறுநாள், நிதானமாக, அவர் கையில் கொடுங்கள். மிரட்டலுக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த மிரட்டலைப் புகாராக எழுதலாம். எல்லாருடைய பொருளையும் எடுப்பேன் என்று சொல்வது சட்டத்தில் இல்லாத அதிகாரத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பெயர் தெரிந்தால் பெயர் எல்லாம் குறித்து முதலில் கம்பெனிக்கும் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் பெய்லிஃப் கம்பெனிகளைக் கண்காணிக்க 2022இல் தொடங்கிய என்ஃபோர்ஸ்மென்ட் காண்டக்ட் போர்டு இருக்கிறது.

கடைசியாக, வந்த கடிதத்தில் வீட்டையே காலி செய்யச் சொல்லும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஓனரிடம் மொத்த வீட்டையும் ஒருவர் எடுத்து நம் ஆட்களுக்கு ரூம் ரூமாக வாடகைக்கு விடுவது ஈஸ்ட் ஹாமில் சகஜம். அவர் உங்களிடம் வாங்கிய வாடகையை ஓனருக்குக் கட்டாமல் விட்டால் வருகிற பெய்லிஃப் வேறு வகை. அவர் பொருளை எடுக்க வருவதில்லை, கோர்ட் உத்தரவோடு வீட்டைத் திரும்ப எடுக்க வருகிறார். கதவைத் திறக்காமல் இருந்து அவரைத் தடுக்க முடியாது. குறைந்தது 14 நாளுக்கு முன்பே நோட்டீஸ் வர வேண்டும், அது குடியிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே வரும். அப்படி ஒன்று இருந்தால் என் பதிலை மூடிவிட்டு வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் அமைப்பின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்கும் அன்றே மெயில் போடுங்கள்.