வார்டன் இரவில் எங்கே தூங்குகிறார்?

கேள்வி: மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் சென்னைப் புறநகர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி விடுதியில் அறைக்கு நான்கு பேர். மாலை ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். சாப்பாடும் சுமார்தான் என்கிறார்கள். எதிர்ச்சாரியிலேயே தனியார் லேடீஸ் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. இருவர் அறை, ஏ.சி., வைஃபை எல்லாம் உண்டு. எதில் சேர்ப்பது? எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் அங்கே சேர்கிறாள், இருவரையும் ஒரே அறையில் போடச் சொல்லலாமா? பையன் படித்தபோது இந்தத் தொல்லையே இல்லை. நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கிவிட்டான்.
– ஒரு தந்தை, ஆரணி

பதில்: பையன் எங்கே தங்கினான், என்ன சாப்பிட்டான் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அதனால்தான் தொல்லை இல்லை. சரி, மகள் விஷயத்துக்கு வருவோம்.

முதல் வருடத்துக்குக் கல்லூரி விடுதியிலேயே சேருங்கள். அறை வசதியில் தனியார் ஹாஸ்டல் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அடுத்த கட்டிலில் ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண் இருப்பார். எதிர் அறையில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர் இருப்பார். இருவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக் காலை இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்துக்கு வரைந்த ஷீட்டைக் கொடுக்க வேண்டும், எங்கோ கோடு தப்பாகிவிட்டது என்றால் ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் கேட்பாள்? கல்லூரி விடுதியில் அதே ஷீட்டோடு மாடி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் அதைத் தாண்டியவர்கள் மேல் மாடியில் இருப்பார்கள். முதல் செமஸ்டர் அரியர் விழாமல் இருக்க ஏ.சி.யைவிட இது உதவும்.

சீனியர் என்றதும் ராகிங் பயம் வரும். சிதம்பரத்தில் 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து சட்டமே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள் இன்னும் கறார்: எந்நேரமும் அணுகக்கூடிய வார்டன், தொலைபேசியில் கிடைக்கும் வார்டன் இருந்தாக வேண்டும். 1800-180-5522 என்ற உதவி எண் மகளின் போனில் இருக்கட்டும்.

விதி காகிதத்தில் இருக்கிறது. நடப்பில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அட்மிஷன் அன்று போகாதீர்கள். அன்றைக்குக் கழிவறைகூடப் பளபளக்கும். வாரநாள் ஒன்றில் மாலை ஏழரை, எட்டு மணிக்கு, அனுமதி வாங்கி, மகளையும் மனைவியையும் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு சாப்பிடட்டும். ஒரு மாடிக்கு எத்தனை குளியலறை, கோடையில் தண்ணீர் லாரியில் வருகிறதா என்று அங்கிருக்கும் பெண்களிடமே கேட்கட்டும். வார்டன் அதே கட்டடத்தில் தூங்குகிறாரா, எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறாரா? இரவில் கிரில் கேட்டைப் பூட்டிய பிறகு சாவி யாரிடம் இருக்கும்? ஒரே படி, ஒரே பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில் என்றால், தீப்பிடிக்கும் இரவில் நாற்பது பெண்கள் என்ன செய்வார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் இடம் எதுவானாலும், அது கல்லூரி விடுதியே ஆனாலும், வேண்டாம்.

அந்த எதிர்ச்சாரி ஹாஸ்டலில் ஒரு காகிதம் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2014-ல் வந்த விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பெண்கள் விடுதி நடத்த கலெக்டரின் உரிமம் வேண்டும். ‘அப்ளை பண்ணியிருக்கோம் சார்’ என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

சாப்பாடு சுமார்தான். எந்த விடுதியில் சூப்பர்? மெஸ் கணக்கு டிவைடிங் முறையா, வருடத்துக்கு மொத்தமா என்பதைக் கேளுங்கள். டிவைடிங் என்றால் அரிசி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் என்று மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாள் கணக்கில் பிரிப்பார்கள்; முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனால் அந்த நாள்களைக் கழிக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் இருக்கும். மொத்தம் என்றால் தீபாவளிக்கு அவள் ஆரணியில் சாப்பிடும் அதிரசத்துக்கும் சேர்த்து அங்கே பணம் கட்டுகிறீர்கள். செலவு கையைக் கடித்தால், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் நடத்தும் கல்லூரி விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில், வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டு கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது.

ஆறரை மணி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பையன்கள் விடுதிக்கும் ஆறரையா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால், நூலகம் பையன்களுக்கு மட்டும் எட்டு மணிவரை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரைக் கட்டுப்பாட்டையே எதிர்த்து 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். இருபாலருக்கும் ஒரே நேரம் என்று அரசு உத்தரவு போட வேண்டியதாயிற்று. நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் போதும். கேட்பது அப்பாக்களாக இருந்தால் நிர்வாகத்துக்குக் காது சீக்கிரம் கேட்கிறது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

ஊர்ப் பெண்ணோடு ஒரே அறை? வேண்டவே வேண்டாம். உங்கள் மகள் நைட்டியோடு மெஸ்ஸுக்குப் போனது மறுநாள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் பேச்சாகும். தூத்துக்குடிப் பெண்ணோடும் தர்மபுரிப் பெண்ணோடும் சண்டை போட்டுச் சமாதானமாகட்டும்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. விடுதியைப் பார்த்துவிட்டு வந்து, ‘இந்த இடம் வேண்டாம்’ என்று அவள் சொன்னால் நான் மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். முதல் வருடம் முடிந்து அவள் வெளியே போக நினைத்தால் போகட்டும். அதற்காக, கட்டும் முன்பணத்தில் எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பதை இப்போதே ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.