முடி வெட்டாவிட்டால் டி.சி.யா?

கேள்வி: எங்கள் பிள்ளைக்கு 13 வயது. தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பதிவேட்டில் ஆண்; ஆனால் தன்னைப் பெண்ணாகவே உணர்கிறாள். முடி வளர்க்கிறாள், நெயில் பாலிஷ் வைக்கிறாள். வகுப்பாசிரியர் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, பிளேடால் பாலிஷைச் சுரண்டச் சொல்லியிருக்கிறார். "முடியை வெட்டட்டும், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்" என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. டி.சி. கேட்டு நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பள்ளி வெளியேற்றியது நீங்களே விலகியதாக மாறிவிடும். கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது.

பிளேடு விஷயம் இதைவிடத் தீவிரமானது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம்.

முடி, உடை பற்றி: 2014இல் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றது. திருநர் (பிறப்பில் பதிவான பாலினத்திலிருந்து வேறுபட்டுத் தன்னை உணர்பவர்) பாதுகாப்புச் சட்டம், 2019 கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 2021இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலினப் பொதுக் கழிப்பறை, சான்றிதழ்களில் பெயர், பாலின மாற்றம், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக விழிப்புணர்வு என்று பள்ளிகளுக்கான வழிகாட்டுதல்களையே வகுத்துத் தந்தார். அதற்காகச் சீருடையே வேண்டாம் என்று கேட்க முடியாது. முடியைப் பின்னிக் கட்டி வரச் சொன்னால் அது எல்லா மாணவிகளுக்கும் உள்ள விதி, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வெட்டச் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை.

இனி வாய்ப்பேச்சு வேண்டாம். நடந்த தேதி, வகுப்பு, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மனு போடுங்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

"திருநர் அடையாள அட்டை எங்கே?" என்று பள்ளி கேட்கலாம். அவமானப்படுத்தாமல் இருக்க எந்த அட்டையும் தேவையில்லை. பதிவேட்டில் பாலினம் மாற்றுவது வேறு வேலை. அவள் விரும்பினால், சிறார் என்பதால் பெற்றோராகிய நீங்கள் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

டாக்டர் யோசனைக்கு வருகிறேன். அவளிடம் சரிசெய்ய ஒன்றுமில்லை. மாற்றிக் காட்டுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே தொழில்முறைத் தவறாக அறிவித்துவிட்டது. அப்படிச் சொல்லும் டாக்டரிடம் போகாதீர்கள். வகுப்பில் பட்ட அவமானத்தால் அவள் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் மட்டும், அந்த வேதனையைக் கேட்கும் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.