செல்போர்ன்: முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு எந்தப் பாதை?

இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில், ஜிக்ஜாக் என்ற குன்றுப் பாதையில் ஏறிய அம்மா வழுக்கி, பாதியில் திரும்பிவிட்டார் என்கிறீர்கள். அடுத்த முறை அவரை பாஸ்டல் என்ற பாதையில் கூட்டிப் போங்கள். அதுவும் ஹேங்கர் என்ற குன்றுச் சரிவுக் காட்டின் உச்சிக்குத்தான் ஏறுகிறது, மெதுவான சரிவில். ஜிக்ஜாக், 1753-இல் இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட்டும் தம்பி ஜானும் வெட்டியது, ரொம்பச் செங்குத்து.

அம்மா வழுக்கியதற்குச் செருப்பைக் குறை சொல்ல வேண்டாம். அது சுண்ணாம்புக் குன்று. மழையில் நனைந்தால் சோப்புக்கட்டிதான், மேலே பீச் மரச் சருகு வேறு மூடியிருக்கும்.

ஏறும் முன் அடிவாரத்து மண்ணைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். வெள்ளைக் குழம்பாக ஒட்டினால் அன்றைக்கு மலை வேண்டாம். தேவாலய முற்றத்துக்குப் போங்கள். வைட் அளந்தபோது 23 அடி சுற்றளவு இருந்த யூ மரம், 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தது. அதன் அடிமரத்தை அம்மா தொட்டுப் பார்க்கட்டும்.

ஒன்று, பாஸ்டலும் ஏற்றம்தான். கைத்தடி கட்டாயம், சக்கர நாற்காலி போகாது.