சுவடி எழுதிய பெண்கள்

கேள்வி: சென்ற இதழில் ஐரோப்பாவின் இடைக்கால ஓவியச் சுவடிகளைப் பற்றி எழுதியபோது, அவற்றை உருவாக்கியவர்களில் கன்னியர் மடத்துப் பெண்களையும் சேர்த்திருந்தீர்கள். அது முழுக்க ஆண் துறவிகளின் வேலை அல்லவா? இந்தக் காலத்துக்கு ஏற்றபடி பெண்களை உள்ளே நுழைக்க வேண்டுமா? ஒரு பெயராவது சொல்ல முடியுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சொல்கிறேன். எந்தே.

ஸ்பெயினின் ஜிரோனா பேராலயத்தில் ஒரு தோல் சுவடி இருக்கிறது. பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்குப் பெயாத்துஸ் என்ற துறவி எழுதிய உரையின் பிரதி அது. 975-இல் முடிந்தது. அதன் இறுதிக் குறிப்பில் ஓவியர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதலில் நிற்பது எந்தே: 'ஓவியம் வரைந்தவள், கடவுளுக்கு உதவியானவள்'. அதற்குப் பிறகுதான் சகோதரர் எமெத்தேரியுஸின் பெயர். இந்த எமெத்தேரியுஸ் லேசுப்பட்டவர் இல்லை. மாகியுஸ் என்ற பெரிய ஓவியர் 968-இல் இறந்தபோது, அவர் பாதியில் விட்ட சுவடியை முடித்துக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரின் பெயருக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர்.

இன்னும் பின்னால் போகலாம். 8-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மறைபரப்பிய போனிஃபாஸ், புனித பேதுருவின் நிருபங்களைப் பொன் எழுத்தில் எழுதித் தரும்படி இங்கிலாந்துக்குக் கடிதம் அனுப்பினார். அவர் கேட்டது எட்பர்கா என்ற மடத் தலைவியிடம். அதே நூற்றாண்டின் இறுதியில் கொலோன் பேராயருக்காகப் பைபிளின் சங்கீதப் பாடல்களுக்குப் புனித அகுஸ்தினார் எழுதிய உரையைப் பிரதி எடுத்த கன்னியர், தாங்கள் எழுதிய பகுதிகளில் தங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பிரான்ஸின் ஷெல் மடத்தைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்படுகிறது. சார்லமேன் பேரரசரின் சகோதரி தலைவியாக இருந்த மடம் அது. பவேரியாவில் வெசோபுருன் மடத்தை ஒட்டித் தனித்து வாழ்ந்த தீமுத், சுமார் 45 நூல்களைப் பிரதி எடுத்தவர். அவர் எழுதிய பைபிள் ஒன்றைக் கொடுத்து மடம் ஒரு பண்ணை நிலத்தையே வாங்கியது. 12-ஆம் நூற்றாண்டின் குதா ஒரு படி மேலே போனார். தான் வரைந்த பெரிய முதலெழுத்துக்குள் தன் உருவத்தையே வரைந்து, 'பாவியான பெண் குதா இந்த நூலை எழுதினாள், வரைந்தாள்' என்று சுற்றி எழுதிவைத்தார். அந்தச் சுவடி இன்றும் பிராங்பர்ட்டில் இருக்கிறது.

இவர்களெல்லாம் பெயர் போட்டவர்கள். போடாதவர்கள்? ஜெர்மனியின் டால்ஹைமில் ஒரு சிறிய கன்னியர் மடம் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானது, அதன் நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அங்கே புதைக்கப்பட்டிருந்த, 1000-1200 வாக்கில் வாழ்ந்த நடுவயதுப் பெண் ஒருவரின் பல் காரையை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்கள் தேடியது உணவின் தடயம். கிடைத்ததோ நீலத் துகள்கள், அதுவும் லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லை அரைத்து எடுத்த நிறம். அந்தக் கல் அன்று ஆப்கானிஸ்தானின் சுரங்கங்களிலிருந்து வர வேண்டும். அவ்வளவு விலை உயர்ந்த நிறத்தைத் தேர்ந்த கை உள்ளவரிடம்தான் கொடுப்பார்கள். மருந்தாக உண்டாரா, படத்தை முத்தமிட்டதில் ஒட்டியதா என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு, தூரிகை முனையை நாக்கில் நனைத்துக் கூராக்கிய ஓவியர் என்பதே மிகவும் பொருந்துகிறது என்று 2019-இல் வெளியிட்டார்கள். கல்லை அரைத்து நிறம் தயாரித்தவராகவும் இருக்கலாம். அப்போதும் அது சுவடி வேலைதான்.

சரி, பெயர் தெரிந்த எழுத்தர்களில் ஆண்களே மிகப் பெரும்பாலோர். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். புகழ்பெற்ற லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடியை எழுதியவர் ஆயர் ஈட்ஃப்ரித் என்கிறோம். அவர் 721-இல் இறந்தவர். அவர்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம், அவருக்குச் சுமார் 250 ஆண்டுகள் பின்னால் ஆல்ட்ரெட் என்ற குரு அந்தச் சுவடியில் சேர்த்த குறிப்பு. அந்தப் பெயரைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். எந்தேவின் பெயர் இருப்பதோ அந்தச் சுவடி முடிந்தபோதே எழுதிய குறிப்பில். அதை மட்டும் 'நுழைப்பது' என்று எப்படிச் சொல்வது? கையெழுத்தே இல்லாத ஆயிரக்கணக்கான சுவடிகளை ஆண்களின் கணக்கில் எழுதும்போது உங்களைப் போன்றவர்கள் பெயர் கேட்பதில்லையே, அது ஏன்?