வேலையும் டிகிரியும் ஒன்றாக முடியுமா?

பிளஸ் டூ முடித்ததும் சோழிங்கநல்லூரில் டெக் சப்போர்ட் வேலை. கல்லூரியில் சேர்வதா, தொலைநிலையில் படிப்பதா என்பது அந்த வேலையில் இருக்கும் ஒருவரின் கேள்வி.

தொலைநிலைதான். ரெகுலர் கல்லூரியில் பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு கேட்பார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு காலை வகுப்பில் தூங்கியவன் நான். இரண்டு அரியர் அப்படித்தான் விழுந்தது.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலைப் படிப்புகள் நடத்துகின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இலேயே சொல்லிவிட்டது. நீங்கள் எடுக்கும் பாடத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று மட்டும் யுஜிசி தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம், தேர்வு நாட்களுக்கான லீவை மேனேஜரிடம் மெயிலில் வாங்கி வையுங்கள். என்னுடையவர் வாயால் ‘சரி’ என்றார். சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரத்தில் மறந்தே போனார்.